கவைக்குச்சி குத்திய கிழங்குப் பாத்தி

நாங்கள் சர்க்கரைவள்ளி நட்டது மாசி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. வருஷம் சித்திரபானு, ஆங்கிலக் கணக்கில் 1943 மார்ச், தோட்டத்து ஆபீசில் ஒட்டும் தாள்களில் ஜப்பான்காரர்கள் போட்ட கணக்கில் 2603. மூன்றையும் என் நோட்டில் ஒரே வரியில் எழுதியிருந்தேன். கடிகாரத்தை அவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் காலை எட்டு மணி என்று நான் சொல்லும் இடங்களில் வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். அப்படியே படித்துக்கொள்ள வேண்டும்.

மலாயாவில் பாடாங் செராய்க்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டம். எனக்குப் பத்தொன்பது வயது, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். கையில் கிடைத்த எதையும் படிப்பேன். கடையில் சாமான் மடித்துத் தரும் பழைய பத்திரிகைத் தாளையும் விடமாட்டேன். என் வீட்டுக்காரர் மரம் சீவுகிறவர். ரப்பர் வாங்க ஆள் இல்லாமல் போனதும், அவரைப் பழைய மரங்களை வெட்டிச் சாய்க்கும் கும்பலில் போட்டார்கள். வெட்டிய இடங்களில் மரவள்ளி. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் கயிறு பிடித்து அளந்து ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள். அதில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், சும்மா மட்டும் விடக்கூடாது என்று உத்தரவு.

எங்கள் லயத்தில் பத்து வீடு. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர். அதுவும் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். எனக்கு அடுத்த வீட்டில் இருந்தவளை அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஊரில் ஆற்றோரத்துக் குடியானவர் வீட்டில் பிறந்து, கட்டிக்கொடுத்துக் கப்பலேறி வந்தவள். அவள் புருஷனை அண்ணன் என்பேன். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே கும்பலில் வேலை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கும் அப்போது இல்லை.

கொடி கொண்டுவந்தது அக்காதான். மலாய்க்காரர்கள் கிராமமான கம்போங்கில் ஒரு கிழவியிடம் ஒரு சிரட்டை உப்பைக் கொடுத்துவிட்டு ஒரு கட்டுக் கெலெடெக் கொடி வாங்கி வந்தாள்; சர்க்கரைவள்ளிக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. பாதியை எனக்குக் கொடுத்தாள். ஒரே கட்டு, ஒரே நாள், ஒரே மண். என் பாத்தியும் அவள் பாத்தியும் ஒரு முழ வழி விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு நான் அவள்மேல் சந்தேகப்பட்டபோது இந்தச் சமத்தைத்தான் சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

முதல் ஒரு மாதம் ஒன்றுமில்லை. கொடி பிடித்தது, ஓடியது. நாற்பதாம் நாள் வாக்கில் கீழ் லயத்தில் ஒரு சமாசாரம் நடந்தது. ஒரு வீட்டு மரவள்ளியில் யாரோ கிழங்கைத் தோண்டி எடுத்துக்கொண்டு, தண்டை மட்டும் பழையபடி மண்ணில் செருகி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாம் நாள் இலை தொங்கிய பிறகுதான் வீட்டுக்காரிக்குத் தெரிந்தது. தண்ணீர்க் குழாயடியில் இதே பேச்சு.

"செடி நிக்கிது, கெழங்கு போயிருச்சு. எப்படிப்பட்ட கை பாரு!"

"வெளியாளு எவன் வருவான்? லயத்து ஆளுதான்."

"ஒன் பாத்தியப் போயி மொதல்ல பாரு. நீ பாட்டுக்கு எலையப் பாத்துக்கிட்டே இருப்ப, அடியில ஒண்ணும் இருக்காது."

கடைசியில் சொன்னது என்னைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே ரப்பர்ச் சுள்ளிகளை ஒடித்து, கவை உள்ள துண்டுகளாகப் பொறுக்கி எடுத்தேன். கொடி ஓடியிருந்த இடமெல்லாம், கணுவுக்குக் கணு, கவையைத் தலைகீழாக வைத்து மண்ணில் குத்தினேன். ஒவ்வொரு குத்தின்மேலும் ஒரு பிடி மண்ணும் வைத்தேன். கொடியை யாராவது தூக்கினால் குச்சி கழன்றுவிடும், மண் சிதறிவிடும். மொத்தம் நாற்பத்தாறு குச்சி. நோட்டில் பாத்தியின் படம் போட்டு ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு புள்ளி வைத்தேன். தினமும் காலையில் போய்ப் படத்தோடு சரிபார்ப்பேன்.

அக்கா அதைப் பார்த்துவிட்டு வழியில் நின்றாள்.

"என்ன புள்ள இது, கொடிக்கு விலங்கு மாட்டி வெச்சிருக்க?"

"காத்துக்குப் புரளாம இருக்கக்கா."

"பொரளட்டும்ல! கொடிய வாரத்துக்கு ஒருக்காத் தூக்கிப் பொரட்டி விடணும். மண்ணோட ஒட்ட விடாத. எடுத்துப் போடு இந்தக் குச்சிய."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. குச்சியை எடுக்கச் சொல்வதில் யாருக்கு லாபம்? குச்சி இருந்தால் யாருக்குச் சிரமம்? வீட்டுக்குள் வந்து நோட்டில் எழுதினேன்: "நாற்பத்தெட்டாம் நாள். குச்சிகளை எடுக்கச் சொல்கிறாள்."

ஐம்பத்தைந்தாம் நாள் காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், அவள் வீட்டை ஒட்டிய முனையில் ஐந்து குச்சிகள் கழன்று கிடந்தன. கொடி இடமாறிக் கிடந்தது. மண் கலைந்திருந்தது. குச்சிகளைத் திரும்பவும் குத்தினேன். எட்டு நாள் கழித்து அதே ஐந்தும் மறுபடி கழன்றிருந்தன. மூன்றாவது தடவை குத்தாமல் விட்டுவிட்டேன். கள்ளன் வரும் வழி தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"கோழி கிளறியிருக்கும்."

"இந்த லயத்துல ஏதுங்க கோழி? எல்லாத்தையும்தான் ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போயிட்டானே."

"அப்ப எலியா இருக்கும், விடு. ஒனக்குச் சந்தேகப்படறதே ஒரு வேலையாப் போச்சு."

எலி குச்சியைப் பிடுங்கி ஓரமாக அடுக்கி வைக்காது. ஐந்து குச்சியும் வழி ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தன. அதை அவரிடம் சொல்லவில்லை. குழாயடியில் ஒருத்தியிடம் சொன்னேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. "எனக்குப் பக்கத்துல கை நீளுது" என்று மட்டும் சொன்னேன். பத்து வீட்டு லயத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தது இரண்டு வீடு. மறுபக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் எழுந்து நடக்க முடியாத கிழவர்.

தொண்ணூற்றிரண்டாம் நாள். பலகைச் சுவருக்கு மேலாக அவித்த சர்க்கரைவள்ளி வாசனை வந்தது. அப்போது எங்கள் வீட்டு அடுப்பில் மரவள்ளிக் கஞ்சி. நூறு நாளாவது போகாமல் கிழங்கு வெட்டக்கூடாது என்று கொடி வாங்கிக் கொடுத்த அக்காவே சொல்லியிருந்தாள். அவள் பாத்தியை யாரும் வெட்டவில்லை, காலையில்தான் பார்த்திருந்தேன். அப்படியானால் சட்டியில் வெந்தது எந்தப் பாத்திக் கிழங்கு? கஞ்சியை மூடி வைத்தேன். சற்று நேரத்தில் அக்கா ஒரு கிண்ணத்தில் இரண்டு துண்டு கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தா, ருசி பாரு. வெரலை விட்டுப் பாத்தேன், ரெண்டு வெளஞ்சிருந்துச்சு."

வாங்கிக்கொண்டேன். என் கிழங்கை எனக்கே தானம் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நோட்டில் அதையும் நாளோடு எழுதினேன்.

அந்த ஆனி மாதத்தில் சயாமுக்கு ஆள் எடுப்பது எங்கள் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதம்தான், அரிசி உண்டு, துணி உண்டு என்று முதலில் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பி முதலில் போன ஆட்களிடமிருந்து ஒரு கடிதாசும் இல்லை. அதற்குப் பிறகு யாரும் தானாகப் போகவில்லை. பெயர் எழுதிப் பிடித்தார்கள். அந்தப் பாதையைப் பற்றிப் பிற்காலத்தில் வந்த புத்தகங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். பெயர்கள் எப்படி எழுதப்பட்டன என்பதை எந்தப் புத்தகமும் எனக்குத் திருப்தியாகச் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்தில் அது கங்காணி கையில் இருந்தது. லயத்துக்கு ஒரு ஆள் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

நூற்றுப் பதினெட்டாம் நாள், வியாழக்கிழமை, வீட்டுக்காரர் வேலையில் இருந்த நேரம், கங்காணி எங்கள் பின்வாசலுக்கு வந்தார். நல்ல பருமன் உள்ள ஆள். அந்தப் பஞ்சத்திலும் மெலியவில்லை.

"ஏம்மா, ஒன் பாத்தியில கள்ளன் பூந்துட்டானாமே? கொழாயடியெல்லாம் அதே பேச்சு."

"அப்படியெல்லாம் இல்லீங்க."

"பயப்படாமச் சொல்லு. எனக்கு இந்த லயத்துல ஒரு பேரு வேணும். பக்கத்து வீட்டுக்காரன் இருக்கான், ஒன் வீட்டுக்காரன் இருக்கான். ரெண்டும் ஒரே வயசு, ஒரே தெம்பு. மத்ததெல்லாம் கெழடு, நோயாளி. நல்லவனை அனுப்பறதுக்குப் பதிலாக் கள்ளனை அனுப்பினா யாருக்கும் மனசு வருத்தம் இல்ல பாரு."

 அவர் சொன்னது நன்றாகப் புரிந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் சயாமுக்குப் போவார், என் புருஷன் இருப்பார். சொல்லாவிட்டால் இரண்டு பேரில் யாரும் போகலாம்.

"எல்லாம் எழுதி வெச்சிருக்கியாமே. அதுல என்னா இருக்கு?"

"குச்சி கழண்ட நாளெல்லாம் இருக்குங்க."

"எடுத்ததைக் கண்ணால பாத்தியா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பொய் சொல்லவில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை. பார்த்ததைத்தான் எழுதுவது என் பழக்கம். அக்கா கையில் என் கிழங்கைப் பார்த்தேன் என்று நோட்டில் எங்கும் இல்லை.

"பாக்கலீங்க."

"சரி, தோண்டிப் பாத்துருவோம். சனிக்கெழமை காலையில வர்றேன். கெழங்கு இல்லேன்னா யாரு எடுத்தான்னு கேக்கவே வேணாம். எனக்கே தெரியும்."

இரண்டு நாள் நான் தூங்கவில்லை. பாத்தி காலியாக இருந்தால் அண்ணன் போவார், என் வீட்டில் விளக்கு எரியும். அதை விரும்பினேன் என்று இப்போது எழுதக் கூசுகிறது. எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை கங்காணி வந்தார். என் வீட்டுக்காரர் சங்குல் என்னும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினார். அக்காவும் அண்ணனும் சத்தம் கேட்டு வெளியே வந்து வழியில் நின்றார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அண்ணன், "என்ன மச்சான், அறுவடையா? நானும் ஒரு கை குடுக்கவா?" என்றார். 

என் வீட்டுக்காரர் தூர முனையிலிருந்து வெட்டினார். கொடியை இழுத்தால் வரவில்லை. ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கி மண்ணைக் கவ்வியிருந்தது. அடியில் கிழங்கு இல்லை. நூல் நூலாக வேர், நடுவே விரல் பருமனில் ஒன்றிரண்டு. அடுத்த கொத்து, அதுவும் அப்படியே. பாதிப் பாத்தி போயிற்று. கங்காணி அண்ணனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே பாக்குப் போட்டார்.

"வெட்டு, வெட்டு. எனக்கு அவசரம் இல்ல."

அக்கா வீட்டை ஒட்டிய முனைக்கு வந்தபோது சங்குல் எதிலோ தட்டியது. என் வீட்டுக்காரர் குனிந்து கையால் மண்ணைத் தள்ளினார். சிவப்புத் தோலோடு ஒரு கிழங்கு, கை முட்டி அளவு. அதோடு ஒட்டி இன்னும் மூன்று. பக்கத்துக் கொத்தில் நான்கு. குச்சி கழன்றிருந்த அந்த ஐந்து கொத்திலும் கிழங்கு இருந்தது. மற்ற எங்கும் இல்லை.

கங்காணி ஒரு கிழங்கைக் காலால் புரட்டிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இது என்னாடா கள்ளன்! தூரத்துல இருக்கறதத் தூக்கிக்கிட்டு, தன் வாசல்ல இருக்கறத விட்டுட்டுப் போயிருக்கான்!"

அக்காதான் முதலில் குனிந்து, நான் குச்சி குத்திய கொடி ஒன்றைக் கையில் எடுத்தாள். கணுவில் தொங்கிய வேர்களைக் காட்டினாள்.

"சொன்னா கேட்டியா புள்ள? எடத்துக்கு எடம் அழுத்தி வெச்சா அது எடத்துக்கு எடம் வேரு வுடும். அத்தன வேருக்கும் அத்தன சாறு. அப்பறம் அடியில எங்க திரளும்? இந்த ஓரத்த மட்டும் என் கைக்கு எட்டுச்சு, வாரா வாரம் தூக்கி விட்டேன். உள்ள வந்து எடுக்கலாம்னு பாத்தா, ஒன் மூஞ்சியே சரியில்ல."

மரத்தைச் சீவத் தெரிந்த குடும்பம் எங்களுடையது. ஜப்பான்காரர்கள் வரும்வரை மூன்று தலைமுறையில் யாரும் மண்ணுக்கு அடியில் விளைவது எதையும் வளர்த்ததில்லை. கொடியைக் கட்டிப் போட்டால் கிழங்கு பத்திரமாக இருக்கும் என்று நினைக்க எங்களைப் போன்றவர்களால்தான் முடியும்.

கங்காணி போன பிறகு கிழங்கில் பாதியை அக்காவுக்குக் கொண்டுபோனேன். அவள் வாங்கவில்லை.

"ஒன் பாத்தி வெட்ட கங்காணி எதுக்கு வந்தாரு?"

கையிலிருந்த கிழங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் மாறி, கதவைச் சாத்தினாள். எழுபத்திரண்டு நாள் நான் அவளைச் சந்தேகப்பட்டேன். அன்றிலிருந்து அவள் முறை.

அடுத்த புதன்கிழமை காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பெயர்களை வாசித்தார்கள். எங்கள் லயத்துக்கு அண்ணன் பெயர். அதை யார் எழுதச் சொன்னார்கள், கள்ளன் இல்லை என்று தெரிந்த பிறகும் கங்காணி ஏன் அவரை எழுதினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் பெயர் இல்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தால் அக்கா எதிரில் நின்றாள்.

"எழுதிக் குடுத்துட்டியா தங்கச்சி?"

"இல்லக்கா. சத்தியமா நான் ஒண்ணும் சொல்லல."

"நல்லா இரு."

லாரி திங்கட்கிழமை வரும் என்றார்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் தோளில் சங்குலை வைத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் போவதைப் பார்த்தேன். களை கொத்தப் போகிறவர் போலத்தான் நடந்தார். ஆனால் அந்த வெயிலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டிருந்தார். அவர் போனது கம்போங்குக்குப் போகும் வழி. சாயங்காலம் திரும்பவில்லை. மெர்போக் பக்கத்தில் அவருக்குச் சிற்றப்பா ஒருவர் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அன்றைய தேதிக்கு நேரே நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாளிலிருந்து பலகைக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது.

"எந்திரிங்க, கஞ்சி குடிங்க. இப்படியே கெடந்தா எப்படி? காச்சல் கொதிக்குது பாருங்க."

பதில் இல்லை. கிண்ணம் வைக்கும் சத்தம் மட்டும். கொஞ்சம் கழித்து, "சரி, தூங்குங்க." வீட்டில் இல்லாத மனுஷனுக்கு அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அத்தனையும் எனக்காகத்தான். காட்டிக்கொடுக்கிறவள் காதில் விழ வேண்டும் என்று, என் பக்கத்துச் சுவரை ஒட்டி நின்று, சற்று உரக்கவே பேசினாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். தெரியும் அக்கா, நான் சொல்லமாட்டேன் என்று சுவருக்கு அப்பால் சொல்லலாம்தான். சொன்னால் நம்பமாட்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்ற பயம்தான் அவளுக்கு மிஞ்சும்.

திங்கள் காலை லாரி வந்தது. கங்காணி நேரே அவள் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் என்னிடம் வந்தார். நான் உளவு சொல்லக்கூடியவள் என்று அவரும் முடிவு செய்திருந்தார்.

"ஆளு உள்ள இருக்கானா? காச்சல்ங்கறா. உண்மையா, நடிப்பா? நீ சொல்லு."

என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால்தான் நின்றார். கங்காணியின் கண் அடிக்கடி அவர்மேல் போய் வந்தது.

"காச்சல் மட்டும் இல்லீங்க," என்றேன். "வாந்தி பேதி. விடிய விடியப் போயிக்கிட்டே இருக்கு. நாத்தம் தாங்கல, சுவத்துக்கு மேல வருது."

கங்காணி இரண்டடி பின்னால் போனார். வாந்தி பேதி வந்த லயத்தில் ஜப்பான்காரன் என்ன செய்வான் என்று எல்லாருக்கும் பயம்.

"என்னா இது, முன்னாடியே சொல்ல வேண்டாமா? ஒரே பலகைச் சுவரு... ஒங்க வீட்டுலயும் ஒட்டியிருக்குமேம்மா!"

என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றில் கை வைத்தார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கங்காணி மேல்துண்டால் மூக்கை மூடிக்கொண்டு எங்கள் லயத்தை விட்டே போய்விட்டார்.

கணக்குக் குறையக்கூடாது. மேல் லயத்திலிருந்து இரண்டாவதாக ஒரு ஆளை ஏற்றினார்கள். தனிக்கட்டை. தோட்டத்தில் எல்லாருடைய பால்வெட்டுக் கத்தியையும் தீட்டித் தருகிறவர். என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டவர்.

அன்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் கஞ்சி குடிக்கச் சொல்லும் குரல் வரவில்லை. வெகுநேரம் கழித்துப் பலகைக்குப் பக்கத்தில் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"மேல் லயத்துல யாரை ஏத்துனாங்க?"

யாரென்று சொன்னேன்.  சுவரை ஒட்டி அவள் உட்காரும் சத்தம் கேட்டது. நானும் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

புருஷன் ஓடிப்போய்விட்டதாகப் பத்து நாள் கழித்து அக்காவே ஆபீசில் போய் அழுதாள். அண்ணன் சண்டை முடிந்து 1945 கடைசியில் திரும்பி வந்தார். கத்தி தீட்டுகிறவர் வரவில்லை. லாரி வந்த அந்தத் திங்கட்கிழமைக்கு நேரே என் நோட்டில் எழுதியிருப்பது அவர் பெயர் மட்டும்தான்.